மொட்டை மாடியிலிருந்து கோள் நெபுலா பார்க்க 27 குறிப்புகள்

ஊருக்குள் வீடு, மாடியைச் சுற்றித் தெருவிளக்கு, கையில் ஆறு அங்குல டெலஸ்கோப். சனியையும் வியாழனையும் பார்த்து முடித்தாயிற்று, அடுத்து என்ன என்று கேட்டால், "ஊரைவிட்டு வெளியே போனால்தான் இனி ஏதாவது தெரியும்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். தொலைதூர கேலக்ஸிகளுக்கு அது சரி. கோள் நெபுலாக்களுக்குச் சரியில்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் கடைசிக் காலத்தில் மேலுறையை உதறிவிடுகிறது. நடுவில் எஞ்சும் கொதிக்கும் கரு அந்த வாயுவை ஒளிர வைக்கிறது. இதுதான் கோள் நெபுலா. பெரும்பாலானவை சிறியவை, ஆனால் பளிச்சென்றவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் தாங்கும், ஃபில்டருக்கும் கட்டுப்படும். மாடிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான சரக்கு வானத்தில் இல்லை.

1. ஹப்பிள் எடுத்த படங்களை மனதில் வைத்துக்கொண்டு ஐபீஸில் கண்ணை வைக்காதீர்கள். படங்களில் தெரியும் சிவப்பு, ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் ஒளி. கேமரா அதை எளிதில் பிடித்துவிடும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கோ அந்தச் சிவப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். நேரில் பார்க்கையில் பெரும்பாலான கோள் நெபுலாக்கள் சாம்பல் நிறம்; சிறியதும் மிகப் பிரகாசமானதுமான சிலவற்றில் மட்டும் நீலமோ பச்சையோ தெரியும்.

2. புதிதாக டெலஸ்கோப் வாங்குவதாக இருந்தால், பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எத்தனை மடங்கு என்பதை ஐபீஸை மாற்றி எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். ஆடியின் அகலத்தைக் கூட்ட முடியாது. என் கணக்கில் ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன்தான் கொடுத்த காசுக்கு அதிகம் காட்டும். 70 மில்லிமீட்டர் லென்ஸ் டெலஸ்கோப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் ஒதுக்கிவிடாதீர்கள். மெசியே பட்டியலிலுள்ள எம் 27, எம் 57 ஆகிய கோள் நெபுலாக்கள் இரண்டும் அதிலேயே தெரியும்.

3. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து, பதினோரு மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடான காற்று டெலஸ்கோப்புக்கு முன்னால் ஏறினால் எல்லாமே நெளியும். கோடையில் மாலை ஐந்து மணிக்கே தளத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர் என்றால் இரவு பதினோரு மணிக்கு மேல் மாடி ஏறுங்கள், அதுவும் போதும்.

4. டெலஸ்கோப்பை ஏ.சி. அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் ஆடியில் ஆவி படியும். ஒரு மணி நேரம் முன்பே மாடிப்படிக்கட்டு அறையில் மூடியோடு வைத்துவிடுங்கள்.

5. தெருவிளக்கை அணைக்க முடியாது, மறைக்க முடியும். துணி காயப்போடும் கொடியில் அடர்நிறப் போர்வை இரண்டைத் தொங்கவிட்டால் பக்கத்து விளக்கின் நேரடி வெளிச்சம் நின்றுவிடும். தண்ணீர் டேங்கின் நிழலும் அருமையான இடம். வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் கண்ணில் நேரடியாக விளக்கு அடிக்காமலிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

6. மீதிப் பாதிக்கு ஒரு கறுப்புத் துண்டு. பழைய ஸ்டூடியோ கேமராக்காரரைப் போலத் தலையையும் ஐபீஸையும் சேர்த்து மூடிக்கொண்டு பாருங்கள். எதிர்மாடியில் இருப்பவர்கள் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

7. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை நாலு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் குறைவாகவே கெடுக்கும். வான வரைபடத்துக்கு ஸ்டெல்லேரியம் செயலியைப் பயன்படுத்தினால் அதிலேயே சிவப்பு இரவுத் திரை இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்தால் அரை மணி நேரத் தவம் போச்சு. கண் மறுபடி பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவது நல்லது.

8. மங்கலானதை நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரையின் மையத்தில் நிறம் காணும் செல்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் அதைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆகவே நெபுலாவைவிட்டுச் சற்றே தள்ளிப் பார்வையை வையுங்கள். எந்தப் பக்கம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வலக்கண்ணால் பார்க்கும்போது பார்வையை வலப்பக்கமும், இடக்கண்ணால் பார்க்கும்போது இடப்பக்கமும் நகர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் நெபுலாவின் பிம்பம் கண்ணின் குருட்டுப் புள்ளியில் போய் விழக்கூடும். நிறம் பார்க்க மட்டும் இதற்கு நேர்மாறு: நேராகப் பாருங்கள்.

9. கோள் நெபுலா விஷயத்தில் நம்மவர்கள் தவறவிடுவது பெரிதாக்கும் துணிச்சலைத்தான். நெபுலா என்றாலே குறைந்த மடங்கு என்று எங்கோ படித்துவிட்டு 25 மி.மீ. ஐபீஸோடு நின்றுவிடுகிறார்கள். ஓரியன் நெபுலா மாதிரி பரந்து கிடப்பவற்றுக்கு அது பொருந்தும். கோள் நெபுலாக்களில் பல, 48 மடங்கில் பார்த்தால் விண்மீனிலிருந்து வேறுபடவே வேறுபடாது, பார்த்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். கணக்கு சுலபம்: டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். குவியத் தூரம் 1200 மி.மீ. என்றால் 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120, அதோடு இரட்டிக்கும் பார்லோ லென்ஸ் சேர்த்தால் 240. கண்டுபிடிக்க 48, பார்க்க 120, ரசிக்க 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அசையாத இரவில் 240-ஐயும் தாண்டலாம். பெரிதாக்கும்போது நகர வானத்தின் வெளுப்பும் மங்கும். நெபுலாவின் உருவம் பெரிதாவதால் கண் அதை எளிதில் பிரித்தெடுக்கும். நகரத்தில் இருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

10. விண்மீன்கள் வெகுவாகச் சிமிட்டினால் அன்று 120 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விசிறிமட்டைக்குக் கை தேடும் புழுக்கமான இரவு நமக்கு எரிச்சல், டெலஸ்கோப்புக்கு வரம்.

11. ஆக்சிஜன்-3 ஃபில்டர் என்று ஒன்று உண்டு. கடைகளில் "ஓ-த்ரீ" என்று கேட்டால் புரியும். மலிவல்ல. ஆனாலும் கோள் நெபுலா பிடித்துப்போனவர் வாங்க வேண்டிய முதல் உபகரணம் அதுதான் என்பேன். காரணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1864 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் டல்ஸ் ஹில்லில் தன் வீட்டோடு கட்டியிருந்த வானாய்வகத்தில் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் குழுவிலுள்ள என்.ஜி.சி. 6543 என்ற கோள் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களின் கூட்டம் என்றால் வானவில் பட்டை தெரிய வேண்டும். தெரிந்ததோ பளிச்சென்ற பச்சைக் கோடு. அது வாயு என்பது அன்றே உறுதியாயிற்று. அந்தக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் "நெபுலியம்" என்று புதிய தனிமமே கற்பிக்கப்பட்டது. 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் அதை அவிழ்த்தார்: இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன்தான். 495.9, 500.7 நானோமீட்டர் ஆகிய இரண்டு கோடுகளில் நெபுலா தன் ஒளியைக் கொட்டுகிறது. ஃபில்டர் அவற்றை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய 507 நானோமீட்டரில், அதாவது பக்கத்து வீட்டில்.

12. ஆறு அங்குலத்துக்குக் கீழ் உள்ள டெலஸ்கோப்புக்கு ஓ-த்ரீ கொஞ்சம் அதிக இருட்டு. அதற்கு யு.எச்.சி. என்ற சற்றே அகலமான ஃபில்டர் போதும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை இரண்டுமே நன்றாகத் தடுக்கும். இப்போது தெருவெல்லாம் வந்துவிட்ட வெள்ளை எல்.இ.டி.யில் பச்சையும் கலந்திருப்பதால் கொஞ்சம் நழுவி உள்ளே வரும்.

13. ஃபில்டரை ஐபீஸில் திருகாமலே ஒரு வேலை வாங்கலாம். ஐபீஸில் பத்துப் பதினைந்து விண்மீன்கள் தெரிகின்றன, அவற்றில் எது நெபுலா என்று தெரியவில்லை. ஃபில்டரை விளிம்பில் பிடித்து, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே உள்ளே வெளியே என்று ஆட்டுங்கள். விண்மீன்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அவை மங்கி மங்கி வரும். மங்காமல் நிற்பதுதான் நீங்கள் தேடியது. ஓபியுகஸில் இருக்கும் என்.ஜி.சி. 6572 போன்ற பொடி நெபுலாவை இப்படித்தான் சட்டென்று பிடிக்க முடியும். அதன் பச்சை, சிறிய டெலஸ்கோப்பிலேயே கண்ணைப் பறிக்கும்.

14. தொடக்கம் எம் 57-இல் இருக்கட்டும். லைரா குழுவில் அபிஜித் எனும் வேகாவைக் கண்டுபிடித்தால், அதற்குக் கீழே ஒரு சிறு இணைகரம் தெரியும். அதன் கடைசி இரண்டு விண்மீன்கள் ஷெலியாக், சுலாஃபாத். இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டில், ஷெலியாக் பக்கமாகச் சற்றே ஒதுங்கி நெபுலா இருக்கிறது. தேடவே வேண்டியதில்லை, அதனால்தான் முதலிடம். நான்கரை அங்குல டெலஸ்கோப்பில் நூறு மடங்குக்கு மேல் போனால் நடுவில் ஓட்டையோடு பொடி மெதுவடை மாதிரி நிற்கும். வியாழனின் வட்டைவிடச் சற்றே பெரிது. வளையத்தின் நடுவே இருக்கும் விண்மீனைத் தேடிக் கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம். 15-ஆம் ஒளித்தரம், மாடி டெலஸ்கோப்புகளுக்கு எட்டாது.

15. அடுத்தது எம் 27. திருவோணம் எனும் ஆல்டேருக்கு வடக்கே சஜிட்டா என்ற அம்பு வடிவக் குழு. அம்பின் நுனியில் இருக்கும் காமா விண்மீனிலிருந்து நேர் வடக்கே மூன்று டிகிரி. கையை நீட்டிப் பிடித்தால் நடுவிரல்கள் மூன்றும் சேர்ந்து ஐந்து டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி. இந்த அளவு போதும், ஃபைண்டரில் வந்துவிடும். சார்ல் மெசியே இதை 1764 ஜூலை 12 அன்று பதிவு செய்தார். மனிதர் கண்ணில் பட்ட முதல் கோள் நெபுலா இதுவே. தெளிந்த வானில் 10×50 பைனாகுலரிலேயே தெரியும். ஃபில்டரில்லாமல் பார்த்தால் இடுப்பு சிறுத்த உருவம்; ஓ-த்ரீ போட்டதும் பக்கவாட்டில் இருக்கும் மங்கலான பகுதிகளும் சேர்ந்து முட்டை வடிவமாகிவிடும். ஃபில்டரின் பயனை வீட்டில் சந்தேகப்படுபவருக்குக் காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள்.

16. வானம் நகர்வதையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம். சிக்னஸ் குழுவில் 16 சிக்னி என்ற இரட்டை விண்மீன் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே பிரகாசமுள்ள இரண்டு மஞ்சள் புள்ளிகள். (அவற்றில் ஒன்றைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 1996-இல் அறிவிக்கப்பட்டது.) அதைப் பார்வையின் நடுவில் நிறுத்தி, டெலஸ்கோப்பைத் தொடாமல் சரியாக மூன்று நிமிடம் காத்திருங்கள். பூமியின் சுழற்சியில் என்.ஜி.சி. 6826 தானாக நடுவுக்கு வந்து சேரும். இரண்டும் வானில் ஒரே இணைக்கோட்டில் இருப்பதால் இது நடக்கிறது. மோட்டார் இல்லாத டாப்சோனியன்காரர்களுக்கு இது இலவச உதவி. மோட்டார் உள்ளவர்கள் அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வந்தபின் நடுவிலுள்ள விண்மீனை நேராக உற்றுப் பாருங்கள்: நெபுலா மறைந்துவிடும். பார்வையைத் தள்ளி வையுங்கள்: திரும்ப வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளிடம் இதை விளையாட்டாகவே காட்டலாம். எட்டாம் குறிப்பின் பாடம் அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

17. பிப்ரவரி, மார்ச் மாலைகளுக்கு என்.ஜி.சி. 2392. மிதுனத்தில் வாசத் எனும் டெல்டா விண்மீனுக்குக் கிழக்கு-தென்கிழக்காக இரண்டரை டிகிரிக்குள். தமிழ்நாட்டில் இது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே போகும். காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகப் பார்க்கிறோம், ஐரோப்பியர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. குறைந்த மடங்கில் இரட்டை விண்மீன் மாதிரி தெரியும். வடக்கே இருப்பது நிஜமான விண்மீன். தெற்கே இருப்பது சற்றே கலங்கித் தெரிந்தால் அதுதான். 200 மடங்கில் பார்த்தால் நடு விண்மீனும் அதைச் சுற்றி ஒளி உறையும் தெளிவாகப் பிரியும். நீண்ட காலம் "எஸ்கிமோ" என்று பெயர் வழங்கிய இதை நாசா 2020 முதல் எண்ணால் மட்டுமே குறிப்பிடுகிறது.

18. மார்கழியில் எப்படியும் வாசல் தெளித்துக் கோலம் போட விடியலுக்கு முன் எழுகிறீர்கள். 4.30 மணிக்கு ஒரு நடை மாடிக்குப் போய் வந்தால், ஹைட்ரா குழுவின் என்.ஜி.சி. 3242 தென்வானில் உச்சத்துக்கு அருகில் நிற்கும். மியூ விண்மீனுக்கு இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே. "வியாழனின் ஆவி" என்று இதற்குப் பட்டப்பெயர்; வியாழன் அளவுதான், வியாழனின் வடிவம்தான், ஆனால் வெளிறிய நீலப் பச்சை. மார்கழிக் குளிரைப் பொறுக்காதவர்கள் ஏப்ரல் மாதம் இரவு ஒன்பது மணிக்கு இதையே பார்க்கலாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் என் வாக்கு இதற்கு.

19. நாம் தெற்கே இருப்பதன் லாபத்தை விட்டுவிடக் கூடாது. வேலா குழுவின் வட எல்லையிலுள்ள என்.ஜி.சி. 3132 லண்டனில் உதிப்பதே இல்லை. சென்னையில் 36 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 41. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலை 12 அன்று வெளியானபோது அவற்றில் இதுவும் இருந்தது. நடுவில் பளிச்சென்று தெரியும் விண்மீன் நெபுலாவை உருவாக்கியது அன்று. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மங்கலான துணைதான் உருவாக்கியது.

20. இன்னும் தெற்கே என்.ஜி.சி. 3918. திரிசங்கு என்று நம் பெரியவர்கள் சொல்லும் தென்சிலுவையைக் கண்டுபிடியுங்கள். மே மாதம் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும். நமக்கு வலப்பக்கமாக நீண்ட கை டெல்டா விண்மீன். அங்கிருந்து மேலும் வலப்பக்கம், கொஞ்சம் மேலாக, மூன்றரை டிகிரி. சிறிய வட்டு, அழுத்தமான நீலம். 1834-இல் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இதைக் கண்டார். டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தை உரசிக்கொண்டு போகும். சென்னையில் 20 டிகிரி, யாழ்ப்பாணத்தில் 23 டிகிரி எழும்பும். தெற்குப் பக்கம் தென்னையோ அடுக்குமாடியோ மறைக்காத மாடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

21. எம் 57, எம் 27 இரண்டும் மாலையில் வசதியாகத் தெரிவது ஆகஸ்டு, செப்டம்பரில். அப்போது பாதி நாள் மேகம். அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழை. மேகத்தோடு மல்லுக்கட்டாமல், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அதிகாலை மூன்று முதல் நான்கு மணிக்குள் எழுந்து பாருங்கள். அதே வானம், மேகமில்லாமல். தளமும் அதற்குள் ஆறியிருக்கும்.

22. கும்ப ராசியில் இரண்டு நெபுலாக்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் குணம் நேரெதிர். என்.ஜி.சி. 7009, நியூ விண்மீனுக்கு மேற்கே ஒன்றேகால் டிகிரி. சிறியது, பளிச்சென்றது, நிலா வெளிச்சத்திலும் தெரியும். யுரேனஸைக் கண்டுபிடித்த மறு ஆண்டு, 1782 செப்டம்பர் 7 அன்று, வில்லியம் ஹெர்ஷல் இதைப் பார்த்தார். யுரேனஸ் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால்தான் இந்த வகைக்கே அவர் கோளின் பெயரைச் சூட்டினார். மற்றபடி கோள்களோடு எந்த உறவும் இல்லை. எட்டு அங்குலத்துக்கு மேல் போனால் இருபுறமும் சனியின் வளைய நுனிகள் போல நீட்டல் தெரியக்கூடும். இன்னொன்று ஹீலிக்ஸ், என்.ஜி.சி. 7293. பூமியிலிருந்து ஏறக்குறைய 650 ஒளியாண்டு தூரம், நமக்கு மிக அருகிலுள்ள பிரகாசமான கோள் நெபுலாக்களில் ஒன்று. அருகில் இருப்பதே அதன் சிக்கல்: ஒளியெல்லாம் முழுநிலவின் பாதிக்கு மேற்பட்ட அகலத்தில் பரவிக் கிடக்கிறது. ஒன்பதாம் குறிப்பு இதற்குச் செல்லாது. நிலா இல்லாத இரவு, மிகக் குறைந்த மடங்கு, ஓ-த்ரீ ஃபில்டர், மூன்றும் வேண்டும்.

23. தீபாவளி எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது. இருட்டு கிடைத்தும் புகையால் ஒரு பயனும் இல்லை. ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். போகிக்கும் அப்படியே.

24. கொசுவர்த்திச் சுருளை டெலஸ்கோப்புக்கு அடியில் வைக்காதீர்கள். சூடும் புகையும் நேராகக் குழாய்க்குள் போகும். காற்று வீசும் திசைக்கு மறுபக்கம் பத்தடி தள்ளி வையுங்கள். கொசு விரட்டும் களிம்பு தடவிய விரலால் ஐபீஸைத் தொடக் கூடாது. அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டால் களிம்பே வேண்டாம்.

25. பனிக்காலத்தில் ஐபீஸும் ஃபைண்டரும் மூடுபனி பிடித்துக்கொள்ளும். துடைக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினால் போய்விடும். பயன்படுத்தாத ஐபீஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் பனி படியாது. முன்பக்கம் கண்ணாடி உள்ள டெலஸ்கோப் என்றால் பழைய யோகா விரிப்பைக் குழாயாகச் சுற்றி, வாயின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள். தெருவிளக்கையும் அது மறைக்கும்.

கடலோர ஊர்களில் பெரிய எதிரி பூஞ்சை. ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். ஜெல் உருண்டைகள் நிறம் மாறினால் மிதமான சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அதற்கெனத் தனியாக ஒரு பழைய வாணலி ஒதுக்குங்கள், மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஆடியில் தூசி என்றால் ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். வேட்டி நுனியாலோ புடவைத் தலைப்பாலோ தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். அவசியம் கழுவித்தான் ஆகவேண்டுமென்றால் கடைசி அலசலுக்குப் பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள், உப்புக்கறை நிற்காது.

26. பார்த்ததை வரைந்து வையுங்கள். ஓவியம் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு வட்டம், நாலைந்து விண்மீன் புள்ளிகள், 2பி பென்சிலால் லேசாகத் தீட்டிக் காது குடையும் பஞ்சால் இழுத்துவிட்டால் நெபுலா தயார். கூடவே தேதி, மடங்கு, ஃபில்டர். வரைய உட்கார்ந்தால்தான் கண் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கும். முதல் நிமிடத்தில் தெரியாத விளிம்பும் இருட்டுப் பகுதியும் ஏழாவது நிமிடத்தில் தெரியும். இதற்கு நின்றுகொண்டே பார்ப்பது உதவாது. கண் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். டெலஸ்கோப்பின் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தால் மற்றவர்கள் மாடியில் நடக்கும்போது வரும் அதிர்வும் குறையும். இரவு முடிந்ததும் மூடியைப் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மூடாமல் விட்ட ஆடியில் காலை வெயில் குவிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

27. எம் 97, எம் 76 இரண்டையும் நகர மாடியில் தேடி இரவை வீணாக்காதீர்கள். மெசியே பட்டியலில் இருக்கும் நான்கு கோள் நெபுலாக்களில் இந்த இரண்டும் மங்கல், ஒளித்தரம் பத்தை ஒட்டியவை. ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் போகும்போது டெலஸ்கோப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். நாட்டின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை 1980-களில் ஜவ்வாது மலையின் காவலூரில் நிறுவினார்கள். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய அந்த இருட்டு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.